பழைய சில்லு வாங்குவது பற்றி நீ கேட்டாய்

தம்பி,

இரண்டு கிழமைக்கு முன்னர் நீ தொலைபேசியில் என்னிடம் ஒரு சின்னக் கேள்வி கேட்டாய். நீ வாங்கிய பழைய காருக்குக் குளிர்கால ரயர் போட வேண்டும், விளம்பரத்தில் ஒருவர் ரயரோடு நாலு இரும்புச் சில்லு விற்கிறார், ஐந்து துளைதான், அளவும் ஒன்றுதான் என்று சொன்னாய். பிறகு, "போல்ட் என்னட்ட இருக்கப்பா, இப்ப பூட்டியிருக்கிறதையே கழட்டிப் போடலாம்தானே?" என்று கேட்டாய். "தெரியாது, கராஜில கேள்" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டேன். நீ யோசித்திருப்பாய். பீலெஃபெல்டில் பாதித் தமிழ்ச் சனத்துக்குப் பழைய கார் பார்த்து வாங்கிக் கொடுத்தவர், ஓடும் சத்தத்தைக் கேட்டே எங்கே பழுது என்று சொல்கிறவர், இதற்கு ஏன் தெரியாது என்கிறார் என்று. எனக்குத் தெரியும். நீ கேட்ட கேள்விக்கு என்னை விட நன்றாக விடை தெரிந்தவன் இருக்க மாட்டான். அதனால்தான் அன்றைக்கு வாய் வரவில்லை.

முதலில் கேட்டதற்குப் பதில் சொல்லிவிடுகிறேன். தெற்கே நீ இருக்கும் கார்ஹிங்கில் இங்கேயை விடப் பனி கூட. நீ வார இறுதிகளில் மலைப்பக்கம் போகிறவன். ஆகவே இதைக் கவனமாகப் படி. ஐந்து துளை என்பது போதாது. அந்த ஐந்து துளையும் எந்த அகல வட்டத்தில் இருக்கின்றன என்பது மில்லிமீற்றர் கணக்கில் சரியாக இருக்க வேண்டும். பார்வைக்கு ஒன்றுபோல இருக்கும், பூட்டப் போனால் இருக்காது. நடுவில் இருக்கும் பெரிய ஓட்டை காரின் அச்சில் இறுக்கமாக இருக்க வேண்டும். பெரிதாக இருந்தால் அதற்கென்று ஒரு வளையம் விற்கிறார்கள், அது இல்லாமல் ஓடினால் ஸ்டியரிங் நடுங்கும். சில்லு உள்ளே எவ்வளவு தள்ளி உட்காரும் என்பதற்கு ஒரு எண் அதன் உட்புறத்தில் அடித்திருக்கும். அது மாறினால் ரயர் ஒரு பக்கம் உரசும். உன் காருக்கு எந்த அளவுகள் செல்லும் என்பதை வாகனப் பத்திரத்தோடு ஒத்துப் பார். ரயரின் பக்கத்தில் கடைசி நாலு இலக்கம், எந்த வாரம், எந்த ஆண்டு செய்தது என்று சொல்லும். பள்ளம் ஆழமாக இருக்கிறது என்று மயங்கி எட்டு வயது ரயரை வாங்காதே, கல்லாகிப் போயிருக்கும்.

இவ்வளவும் சரியாக இருந்த பிறகுதான் போல்ட். நீ கேட்டது அதைத்தான். இப்போது பூட்டியிருக்கிறதை அப்படியே போடக் கூடாது, தம்பி. சில கார்களின் போல்ட்டில், தலைக்குக் கீழே சில்லில் படுகிற இடம் உருண்டையாக இருக்கும். சிலவற்றில் புனல் மாதிரிச் சரிவாக இருக்கும். சில்லின் துளையும் அதற்கேற்றபடிதான் கடைந்திருக்கும். உருண்டைத் தலையைச் சரிவுத் துளைக்குள் போட்டாலும் திருகு ஏறும். இறுகும். எவ்வளவு பலமாக வேண்டுமானாலும் இறுகும். ஆனால் உள்ளே அது ஒரு மெல்லிய கோட்டில் மட்டும்தான் தொட்டுக்கொண்டிருக்கும். ஓட ஓட இளகும். திரும்ப இறுக்கினாலும் திரும்ப இளகும். இதை எனக்கு ஒருவர் பொறுமையாகச் சொல்லித் தந்தார். நான் அதைக் கேட்டேன். விளங்கிக்கொண்டேன். அப்படியிருந்தும் செய்தேன். இனி எழுதப் போவது அதைப் பற்றித்தான்.

மார்க் போய் ஈரோ வரப்போகிறது என்று எல்லோரும் பேசிக்கொண்டிருந்த குளிர்காலம் அது. நீ பள்ளிக்கூடத்தோடு பெர்லினுக்குப் போயிருந்தாய். அம்மாவுக்கு அப்போது முப்பத்தொன்பது வயது. முதியோர் பராமரிப்பில் அவுஸ்பில்டுங் என்கிற தொழிற்படிப்புச் செய்துகொண்டிருந்தாள். மூன்று வருடப் படிப்பில் இரண்டு முடிந்துவிட்டது. சமையலறை மேசையில் அவளுடைய கொப்பிகளும் அகராதியும் எப்போதும் கிடக்கும், நாங்கள் அவற்றை ஒதுக்கிவைத்துத்தான் சாப்பிடுவோம். உடம்பின் எலும்புகளுக்கெல்லாம் ஜெர்மன் பெயர் பாடமாக்கிக்கொண்டு கறிக்கு வெங்காயம் வெட்டுவாள். அம்மாவின் தம்பி நேசன் மாமா எங்களோடுதான் இருந்தார். உனக்கு அவரை அந்த வயதில் எவ்வளவு பிடிக்கும் என்று இப்போது நினைவுபடுத்தினால் கோபிப்பாய். அவருக்குக் கல்யாணம் பேசி முடிந்திருந்தது. பெண் கொழும்பிலிருந்து வர இருந்தாள். கூறைச் சேலை எடுக்க அம்மாவும் மாமாவும் சனிக்கிழமை ஹனோவருக்குப் போவதாக ஏற்பாடு. எனக்கு அன்று வேலை.

அதற்கு முந்தின புதன்கிழமைதான் நான் சில்லு வாங்கப் போனேன். ஹெர்ஃபோர்ட்டுக்கு வெளியே ஒரு கிராமத்தில், வேலையிலிருந்து ஓய்வுபெற்ற ஒரு ஜெர்மன்காரர். தன் காரை விற்றுவிட்டார், சில்லுகள் மிஞ்சிவிட்டன. வாகனக் கொட்டிலில் நாலையும் கழுவித் துடைத்து, எது முன்னுக்கு இடது, எது பின்னுக்கு வலது என்று சோக்கால் எழுதி அடுக்கி வைத்திருந்தார். துளை, நடு ஓட்டை, உள்ளே அடித்திருந்த எண் எல்லாவற்றையும் நான் பார்த்தேன், எல்லாம் பொருந்தின. என் காரில் அப்போது இருந்தது அலுமினியச் சில்லு. அவர் எட்டிப் பார்த்து, என் போல்ட் ஒன்றைக் கழற்றிக் காட்டச் சொன்னார். கழற்றினேன். அதை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார். தன் இரும்புச் சில்லின் துளைக்குள் பெருவிரலை விட்டு, இங்கே சரிவு, உன்னுடையது உருண்டை, இது இதற்குள் உட்காராது என்று சொன்னார். என் முகத்தைப் பார்த்துவிட்டு, எனக்கு விளங்கவில்லை என்று நினைத்து, இன்னும் மெதுவாக, ஒவ்வொரு சொல்லாக, சின்னப் பிள்ளைக்குச் சொல்வது போலத் திரும்பச் சொன்னார். தன்னுடைய பழைய போல்ட்டுகள் நிலவறையில் எங்கோ ஒரு பெட்டியில் இருக்கின்றன, நாளைக்கு வந்தால் தேடி எடுத்துத் தருகிறேன், சும்மாவே தருகிறேன் என்றும் சொன்னார்.

அதற்கு முந்தின கிழமை வேலையிடத்தில் ஒரு சம்பவம் நடந்திருந்தது. ஏற்ற வேண்டிய ஒரு சுமையை நான் பிழையான வாசலுக்கு அனுப்பிவிட்டேன் என்று மேற்பார்வையாளர் எல்லோருக்கும் முன்னால் என்னை நிறுத்தி, இதே மாதிரி, ஒவ்வொரு சொல்லாக, வாயைப் பெரிதாகத் திறந்து திறந்து ஜெர்மன் சொல்லித் தந்தார். மற்றவர்கள் சிரித்தார்கள். பிழை என்னுடையதே அல்ல. அந்த மனிதரின் வாயை நான் ஒரு கிழமையாக மனதில் சுமந்துகொண்டு திரிந்தேன். இந்தக் கிழவர் நல்லெண்ணத்தில் மெதுவாகப் பேசியதும் எனக்கு அந்த வாய்தான் தெரிந்தது. "தெரியும், தெரியும், நான் இருபது வருசமாகக் கார் பார்க்கிறேன்" என்று சொல்லிவிட்டு, சில்லுகளைத் தூக்கிக் காரில் போட்டேன். அவர் வாசல் வரை வந்து, போல்ட்டை மறக்காதே என்று சொன்னார். நான் திரும்பிப் பார்க்கவில்லை. காரணம் இவ்வளவுதான், தம்பி. இதை நியாயம் என்று சொல்ல வரவில்லை. எட்டு வருடமாக நான் தேடிப் பார்த்ததில் இதைவிடப் பெரிய காரணம் ஒன்றும் அகப்படவில்லை.

வெள்ளிக்கிழமை வேலையால் வந்ததும் கட்டிடத்துக்குப் பின்னால் காரை நிறுத்திப் பூட்டினேன். தனியாகத்தான் பூட்டினேன். உருண்டைத் தலைகள் சரிவுக்குள் போய் உட்கார்ந்தபோது கையில் ஒரு வித்தியாசம் தெரிந்தது. இறுகும்போது வழக்கமாக வருகிற அந்த நிதானம் வரவில்லை. நான் இன்னும் பலமாக இறுக்கினேன். மாமா வெளியே வந்து பார்த்தார். அவருக்கு லைசென்ஸ் கிடைத்து ஏழு மாதம்தான். "அத்தான், நான் ஏதும் பார்க்க வேணுமோ?" என்று கேட்டார். "ஐம்பது கிலோமீற்றர் ஓடினாப் பிறகு எங்கையாவது நிப்பாட்டி, எல்லாத்தையும் ஒருக்கா இறுக்கிப்போடு. போல்ட் இறுக்கிற சாவி பின்னுக்குக் கிடக்கு" என்றேன். எந்தச் சில்லைப் பூட்டினாலும் எல்லோருக்கும் சொல்கிற வழக்கமான புத்திமதிதான் அது. அன்றைக்கு அதைச் சொன்னபோது என் மனதுக்குள், இவன் இறுக்கினால் சரியாகிவிடும் என்று ஒரு நினைப்பு ஓடியது. அதாவது, சரியில்லை என்பது எனக்குத் தெரிந்திருந்தது.

போகும்போது ஒன்றும் நடக்கவில்லை. சேலை எடுத்தார்கள். திரும்பி வரும் வழியில், பின்னேரம் மூன்று மணிபோல, ஆட்டோபானில் முன்பக்கத்து இடது சில்லு கழன்று போய்விட்டது. கார் நடுவில் இருக்கிற இரும்புத் தடுப்பில் மோதி, சுழன்று, வலது பக்கம் அடிபட்டு நின்றது. மாமாவுக்கு நெற்றியில் ஒரு வெட்டு. அம்மாவுக்கு வலது தோளும் மேல்கையும் நொறுங்கிப் போயின. இவ்வளவும் உனக்குத் தெரியும். நீ பெர்லினிலிருந்து வந்தபோது அம்மாவுக்கு இரண்டாவது ஒப்பரேஷன் முடிந்திருந்தது. உனக்குத் தெரியாதது, நீ வருவதற்கு முன்னால் நடந்தவை.

நான் மருத்துவமனைக்குப் போனபோது அம்மாவுக்கு நினைவு இருந்தது. மாமா கட்டில் பக்கத்தில், நெற்றியில் கட்டோடு நின்றார். அம்மா என்னைப் பார்க்கவில்லை. அவரைத்தான் பார்த்துக் கேட்டாள். "நேசன், அத்தான் சொன்ன மாதிரி நிப்பாட்டி இறுக்கினனியோ?"

"இறுக்கினனான் அக்கா."

"எப்ப? நான் காணேல்லையே."

"போகேக்க, போர்ட்டா வெஸ்ட்ஃபாலிக்கா தாண்டின உடன பெற்றோல் ஸ்டேஷன்ல. நீங்கள் உள்ளுக்கு ரொய்லெற்றுக்குப் போனனீங்கள்."

"நான் திரும்பி வரேக்க நீ சிகரெட் பத்திக்கொண்டெல்லோ நிண்டனி. கையில சாவி ஒண்டையும் நான் காணேல்லை."

"அது இறுக்கி முடிச்சு வைச்சாப் பிறகு, அக்கா."

அம்மா கண்ணை மூடிக்கொண்டாள். அவள் நம்பவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. மாமா என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் ஏதாவது சொல்வேன் என்று எதிர்பார்த்தார் என்று நினைக்கிறேன். எனக்கு அப்போதே அந்தப் போல்ட்டுகள் மேல் சந்தேகம் இருந்தது. நான் தாதியைத் தேடுவது போல வெளியே போய்விட்டேன்.

இரண்டு நாள் கழித்து, கார் இழுத்துக்கொண்டு போன இடத்துக்குச் சாமான்கள் எடுக்கப் போனேன். அங்கே இருந்த மெக்கானிக், சில்லு கழன்ற இடத்தைக் காட்டினார். மற்ற மூன்று சில்லிலும் போல்ட்டுகள் கையால் திருப்பக்கூடிய அளவுக்கு இளகியிருந்தன. ஒன்றைக் கழற்றி என் உள்ளங்கையில் வைத்தார். உருண்டை. "இதை யார் பூட்டியது?" என்று கேட்டார். "தெரியாது" என்றேன். காவல்துறையில் அதற்கு மேல் யாரும் தோண்டவில்லை. ஓட்டியவர் புதியவர், சில்லு மாற்றிய மறுநாள், இறுக்க மறந்துவிட்டார் என்று அவர்கள் எடுத்துக்கொண்டார்கள். அந்த மெக்கானிக்கை நான் பிறகு பார்க்கவில்லை. நான் பின் இருக்கையிலிருந்து அந்தச் சேலைப் பையை எடுத்துக்கொண்டு பஸ்ஸில் வீட்டுக்கு வந்தேன். பை கிழியக்கூட இல்லை.

அன்று வீட்டுக்கு வந்ததும் சொல்லியிருக்கலாம். நாளைக்குச் சொல்வோம், அம்மா வீட்டுக்கு வந்ததும் சொல்வோம் என்று தள்ளிப்போட்டேன். அதற்குள் கதை தன்பாட்டில் ஓடத் தொடங்கிவிட்டது. பார்க்க வந்த சனம் எல்லாம் கேட்டது, எல்லோருக்கும் ஒரே பதில். நேசன் இறுக்க மறந்துபோனான், இப்போது இறுக்கினேன் என்று பொய்யும் சொல்கிறான். அம்மாவுக்கு விபத்தை விட அந்தப் பொய்தான் தாங்க முடியவில்லை. "மறந்துபோனன் அக்கா எண்டு ஒரு சொல் சொன்னா நான் ஒண்டும் கதைக்க மாட்டன். என்ர தம்பி என்ர முகத்தைப் பார்த்துப் பொய் சொல்லுறான்" என்று என்னிடம் சொல்லி அழுதாள். நான் அவளுக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தேன். வலது கை தூக்க முடியாத காலம் அது.

தை மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, மாமா அம்மாவுக்கு முன்னால் வந்து நிலத்தில் இருந்தார். அவர் அப்போதே வேறு அறை எடுத்துப் போய்விட்டிருந்தார். சவரம் செய்யாத முகம். "அக்கா, நான் மறந்துபோனன். இறுக்கேல்லை" என்றார். அவர் செய்யாத பிழையை ஒத்துக்கொண்டார், தம்பி. அக்கா கேட்ட சொல் அதுதான் என்று யாரோ அவருக்குச் சொல்லியிருக்க வேண்டும். அம்மா மன்னிப்பாள் என்று நினைத்து வந்தார். அம்மா கொஞ்ச நேரம் அவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "அப்ப இவ்வளவு நாளும் சொன்னது பொய்தானே" என்று கேட்டாள். "போ நேசன். இனி இஞ்ச வராத" என்றாள். நான் அதே அறையில், சோபாவில் இருந்தேன். அவர் சப்பாத்துக் கயிறு கட்டி முடிக்கும் வரையும் எனக்கு நேரம் இருந்தது. ஒரு வாக்கியம் போதும். நான் சொல்லவில்லை. என் வாழ்க்கையில் நான் செய்த பிழைகளில் அந்தச் சில்லைப் பூட்டியது இரண்டாவது. முதலாவது இது.

பிறகு நடந்ததெல்லாம் நீ கண்ணால் பார்த்தவை. அம்மாவால் ஆட்களைத் தூக்கிப் புரட்ட முடியாது என்று டொக்டர் எழுதிக் கொடுத்ததோடு படிப்பு நின்றது. கொப்பிகளைத் தானே கட்டிப் பரணில் ஏற்றச் சொன்னாள். மேசை காலியாகிவிட்டது. நாங்கள் மூன்று பேரும் அதன் ஒரு மூலையிலேயே இருந்து சாப்பிட்டுப் பழகியிருந்தோம், பிறகும் அந்த மூலையிலேயே இருந்து சாப்பிட்டோம். மாமா வடக்கே எம்டன் நகரத்துக்குப் போனார். கல்யாணம் அங்கே நடந்தது, நாங்கள் போகவில்லை. கூறைச் சேலையை மட்டும் நான் தபாலில் அனுப்பினேன், அம்மாவுக்குத் தெரியாமல். வருடங்கள் கழித்து அவள் நோயில் விழுந்த பிறகு இரண்டு தடவை என்னிடம் கேட்டாள், நேசன் எப்படி இருக்கிறானாம் என்று. கூப்பிடவா என்று நான் கேட்டேன். "அவன் ஒருக்கா உண்மை சொல்லியிருந்தா" என்று தொடங்கி, முடிக்காமல் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தாள். அவள் போவதற்கு ஒன்பது நாள் முன்னால் நடந்தது இது. அப்போதும் நான் சொல்லவில்லை. சாகப்போகிறவளின் மனதைக் குழப்பக் கூடாது என்று எனக்கு நானே ஒரு நல்ல பெயர் வைத்துக்கொண்டேன். உண்மையில் அவள் கடைசியாக என்னைப் பார்க்கிற பார்வை எப்படி இருக்கும் என்றுதான் பயந்தேன்.

செத்த வீட்டுக்கு மாமா வந்தார். எரிக்கும் மண்டபத்து வாசலில், மனைவியோடு, கையில் பூவோடு நின்றார். நீ போய் அவருக்கு முன்னால் நின்று ஜெர்மனில் பேசினாய். தமிழில் பேசியிருந்தால் கோபம் என்று எடுத்திருக்கலாம். சின்ன வயதில் தோளில் தூக்கித் திரிந்த மனிதருக்கு, அறிமுகமில்லாத ஆளுக்குச் சொல்கிற மரியாதையோடு, "தயவுசெய்து இங்கிருந்து போய்விடுங்கள்" என்று சொன்னாய். அவர் பூவை வாசல் படியில் வைத்துவிட்டு, மழைக்குள் தெருவுக்கு அந்தப் பக்கம் போய் நின்றார். எல்லாம் முடியும் வரை அங்கேதான் நின்றார். நான் உனக்கு இரண்டு அடி பின்னால் நின்றேன். உன் மேல் பிழை இல்லை. உனக்குச் சொல்லித் தந்ததை நம்பினாய். ஆனால் அன்றைக்கு நீ அவரை அனுப்பியது என் கையால்தான் நடந்தது என்று நீ தெரிந்துகொள்ள வேண்டும், ஏனென்றால் இதைப் படித்து முடித்ததும் அந்த வாசல் உனக்கு ஞாபகம் வரும்.

உன் தொலைபேசி வந்த பிறகு எனக்கு நித்திரை இல்லை. உனக்கும் அதே கேள்வி, அதே போல்ட். அந்தச் சனிக்கிழமை காலை ரயில் ஏறி, முன்ஸ்டரில் மாறி, எம்டனுக்குப் போனேன். சொல்லாமல்தான் போனேன். சொன்னால் வர வேண்டாம் என்று சொல்லிவிடுவார் என்று பயம். மாமாவின் மனைவி கதவைத் திறந்தாள். என்னை அவள் செத்த வீட்டில் மட்டும்தான் பார்த்திருக்கிறாள். மாமா ஒரு ஹோட்டல் சலவைப் பகுதியில் வேலை செய்கிறார், அப்போதுதான் வந்து குளித்துவிட்டு இருந்தார். முடி பாதி நரைத்துவிட்டது. அவருக்கு நாற்பத்தொரு வயதுதான். அந்த விபத்துக்குப் பிறகு ஒரு நாளும் கார் ஓட்டவில்லையாம். தேத்தண்ணி வந்தது. நான் குடிக்காமலே சொல்லத் தொடங்கினேன். ஹெர்ஃபோர்ட் கிழவரிலிருந்து, மெக்கானிக்கின் கேள்வி வரை, சோபா வரை சொன்னேன்.

"அப்ப நான் இறுக்கினனான்தானே, அத்தான்?" என்று கேட்டார்.

எனக்கு விளங்கவில்லை. அவருக்குத் தெரியாதா என்று பார்த்தேன்.

"எனக்கு ஞாபகம் இருந்தது. கையுறையைக் கழட்டிப்போட்டுத்தான் இறுக்கினனான், சாவி சரியான குளிர். ஒரு போல்ட் கால்வாசி சுத்து வந்தது. புதுசா மாத்தினா இப்பிடித்தான் வருமாக்கும் எண்டு நினைச்சன். பிறகு எல்லாரும் இல்லை இல்லை எண்டு சொல்ல, நானும் அக்காட்ட இல்லையெண்டு சொல்ல, போகப் போக எனக்கே தெரியாமப் போச்சு. சிலநேரம் நான் அதைக் கனவில கண்டனோ எண்டும் யோசிக்கிறனான்."

"இறுக்கினனி, நேசன். நீ எத்தினை தரம் இறுக்கியிருந்தாலும் அது நிண்டிராது."

அவர் தலையை ஆட்டினார். "அக்காவுக்குத் தெரியுமோ?"

"இல்லை."

"கடைசியிலயும் சொல்லேல்லையோ?"

"சொல்லேல்லை."

அவர் எழும்பிக் குசினிக்குள் போனார். தண்ணீர்க் குழாய் திறக்கும் சத்தம் கேட்டது. அது நிற்காமல் ஓடிக்கொண்டேயிருந்தது. அவருடைய மனைவி உள்ளே போய்ப் பார்த்துவிட்டு வந்து, மரியாதை குறையாமல், "அண்ணை, நீங்கள் இப்ப வெளிக்கிடுங்கோ. அவரால ஏலாது" என்றாள். நான் கோட்டைப் போட்டுக்கொண்டு படியில் இறங்கினேன். கீழ்க்கதவுக்கு வந்தபோது மேலே இருந்து மாமா கூப்பிட்டார். முகம் ஈரமாக இருந்தது. கீழே வரவில்லை, மாடிப் படியில் நின்றபடியே சொன்னார்.

"அத்தான், அவனுக்குச் சொல்லுங்கோ. ஃபோனில வேண்டாம். எழுதிச் சொல்லுங்கோ. எழுத்தில கிடந்தா பிறகு ஒருத்தரும் இல்லையெண்டு சொல்லேலாது. எனக்கும் ஒரு கொப்பி அனுப்புங்கோ."

மன்னித்தேன் என்று அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. கேட்பதற்கு எனக்கு உரிமை இல்லை என்பதை ரயிலில் திரும்பி வரும்போது விளங்கிக்கொண்டேன். சொல்லிவிட்டதால் பாரம் இறங்கியது என்று எழுத ஆசைதான், ஆனால் இறங்கவில்லை. இதுவரை நான் ஒருவன் சுமந்ததை இப்போது அவரும் சுமக்கிறார், இந்தக் கடிதம் வந்ததும் நீயும் சுமப்பாய். அம்மாவுக்கு மட்டும்தான் இனி ஒன்றும் செய்ய முடியாது.

உனக்கு நான் புத்திமதி சொல்கிற தகுதியை இழந்துவிட்டேன், இருந்தாலும் ஒன்று சொல்லிவிடுகிறேன். புது வேலை, புது இடம், உன் ஜெர்மன் என்னுடையதைப் போல அல்ல, உன்னை யாரும் வாயைப் பிளந்து பேசி அவமானப்படுத்த மாட்டார்கள். ஆனாலும் வேறு ஏதாவது ஒரு விதத்தில் யாராவது உன்னைச் சிறுமைப்படுத்துவார்கள். அந்தச் சூட்டோடு வேறொருவரின் நல்ல சொல்லைத் தட்டிவிடாதே. அப்படித் தட்டிவிட்டு ஒரு பிழை நடந்தால், அன்றைக்கே சொல். ஒரு நாள் பிந்தினால் உன் பிழையை இன்னொருவர் எடுத்துச் சுமக்கத் தொடங்கிவிடுவார், பிறகு அதை அவர் தோளிலிருந்து இறக்குவது உன்னால் ஆகாத வேலை.

இதைப் படித்த பிறகு நீ என்னோடு பேசாமல் இருக்கலாம். எவ்வளவு காலம் வேண்டுமானாலும் எடு. நான் இங்கேதான் இருக்கிறேன். ஆனால் நத்தார் விடுமுறைக்கு நீ எங்கேயாவது போவதாக இருந்தால் பீலெஃபெல்டுக்கு வராதே, எம்டனுக்குப் போ. ரயிலில் போ. அங்கே என்ன பேசுவது என்று நான் உனக்குச் சொல்லித் தர மாட்டேன். கதவு திறக்குமா என்பதும் எனக்குத் தெரியாது.

மாமா கேட்ட வரிகளைக் கீழே தனியாக எழுதியிருக்கிறேன். இந்தக் கடிதத்தின் பிரதி ஒன்றைப் பதிவுத் தபாலில் அவருக்கு இன்றே அனுப்புகிறேன்.

அந்த நாலு சில்லையும் வாங்கியது நான். பூட்டியதும் நான். போல்ட் பொருந்தாது என்று விற்றவர் என்னிடம் இரண்டு முறை சொன்னார், எனக்கு விளங்கியது. நேசன் வழியில் காரை நிறுத்தி எல்லாவற்றையும் இறுக்கினார். மருத்துவமனையில் அவர் தன் அக்காவிடம் சொன்னது உண்மை. பிறகு வந்து சொன்னதுதான் பொய், அதைச் சொல்ல வைத்தது என் மௌனம்.

அப்பா